உலக உணவுத் திட்டம்

பஞ்சத்தாலும் யுத்தத்தாலும் இயற்கையின் உற்பாதங்களாலும் அன்னத்துக்கு அல்லலுறும் ஜனங்களுக்கு உணவு கொண்டு சேர்க்கும் பொருட்டு, ஐக்கிய நாடுகளின் பொதுச் சபையும் உணவு விவசாய ஸ்தாபனமும் இணைந்து 1961-இல் நிறுவிய சர்வதேச அமைப்பு இது; தலைமையிடம் ரோமாபுரி. அமெரிக்கக் களஞ்சியங்களில் கோதுமை தேங்கிக் கிடக்க, ஆசிய ஆப்பிரிக்க தேசங்களில் குழந்தைகள் அரைவயிற்றோடு உறங்கிய அக்காலத்தின் விபரீதத்தை மனத்திற்கொண்டு அமெரிக்க அரசியல்வாதி ஜார்ஜ் மக்கவர்ன் அவ்வாண்டு முன்வைத்த யோசனையே இதற்கு வித்தாயிற்று.

மூன்றாண்டுப் பரீட்சையாக 1963-இல் தொடங்க வேண்டிய இத்திட்டம், 1962 செப்டம்பரில் ஈரானின் வடமேற்கே பூகம்பம் நேர்ந்து பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டபோது, நாள் நட்சத்திரம் பாராமல் களத்தில் இறங்கி, 1,500 டன் கோதுமையும் 270 டன் சர்க்கரையும் 27 டன் தேயிலையும் அனுப்பியது. வீடிழந்து நிற்பவனுக்கு அவன் நித்தம் அருந்தும் தேநீரும் வேண்டும் என்று எண்ணிய அந்தப் பரிவு போற்றத்தக்கது. எகிப்தின் அஸ்வான் அணையால் ஊரிழந்த சூடான் நாட்டு நூபியருக்கு அடுத்த ஆண்டு உதவிய இத்திட்டம், 1965-இல் நிரந்தரமாக்கப்பட்டது.

தானமாக வரும் உணவு உள்ளூர் உழவனின் விளைபொருளுக்கு விலையில்லாமற் செய்துவிடக்கூடும் என்னும் அச்சம் நியாயமானதே. அதற்குத் தக்க பரிகாரம் கண்டது பாரத தேசம். பால் உற்பத்தியைப் பெருக்க 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சியில், இத்திட்டத்தின் வாயிலாக ஐரோப்பாவிலிருந்து வந்த பால்மாவையும் வெண்ணெய்க் கொழுப்பையும், அப்புரட்சியை முன்னின்று நடத்திய வர்கீஸ் குரியன் இலவசமாக வாரி இறைக்கவில்லை. சென்னை உள்ளிட்ட நான்கு மாநகரங்களின் பால் பண்ணைகளில் அவற்றைப் பாலாக்கி விற்று, அப்பணத்தைக் கிராமக் கூட்டுறவுச் சங்கங்களை வளர்க்கவே செலவிட்டார். உதவியின் உத்தமமான உபயோகம் இதுவென்றே சொல்ல வேண்டும்.

1989-இல் உள்நாட்டுப் போர் மூண்டிருந்த சூடானில், யூனிசெஃபும் பல தொண்டு நிறுவனங்களும் தோள்கொடுக்க, பாதையற்ற ஊர்களுக்கு விமானத்தின் மூலமும் உணவு கொண்டுசெல்லும் பெருமுயற்சி தொடங்கிற்று; விமானத்திலிருந்து வீழ்ந்த மூட்டையின் மேற்சாக்கு கிழிந்தாலும் தானியம் சிந்தாதபடி சாக்குக்குள் சாக்காகக் கட்டும் முறை இத்தகைய பணியிற் கையாளப்படுவது. யுத்தத்தில் பட்டினியை ஆயுதமாக்குவதை ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை 2018-இல் கண்டித்தது. இக்கொடுமையைத் தடுக்கவும் பாடுபட்டமைக்காக 2020-இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு இவ்வமைப்புக்குக் கிடைத்தது.

இதற்கென நிலையான சந்தா ஏதும் கிடையாது. அரசாங்கங்களும் தனியாரும் மனமுவந்து அளிப்பதே இதன் முழு வருவாயாதலால், நன்கொடை குறையுந்தோறும் அகதிகளின் பங்கீடும் குறைக்கப்படுகிறது.