செம்மறிப் பட்டியிலிருந்து விழித்திரைக்கு

கென்யாவின் நைவாஷா ஏரிப் பக்கம் 1930-ல் ஒரு பண்ணையில் செம்மறிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. முதலில் பிறந்து சில நாளே ஆன குட்டிகள், பிறகு தாய் ஆடுகள். ராபர்ட் டாப்னி முதலிய ஆய்வாளர்கள் அறுத்துப் பார்த்தபோது ஈரல் சிதைந்து கிடந்தது. ஆடு மேய்த்தவர்களுக்கும் காய்ச்சல் கண்டது. ஆனால் சில நாளில் தேறிவிட்டார்கள். ‘ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல்’ என்று பெயர் பெற்ற இந்த நோயால் மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லை என்ற எண்ணம் அப்படித்தான் வேரூன்றியது.

நோயைப் பரப்புவதில் கொசுவின் பங்கு 1940-களில் உறுதியானது. உகாண்டாவின் செம்லிகி காட்டில் பிடித்த கொசுக்களிலேயே நோயை உண்டாக்கும் வைரஸ் கிடைத்தது.

பிறகு 1951, தென்னாப்பிரிக்கா. ஜோகன்னஸ்பர்க் அருகே செத்த காளை ஒன்றை அறுத்துப் பார்த்தவர்கள் காய்ச்சலில் விழுந்த பிறகுதான் அங்கே நோய் பரவியிருப்பதே தெரிந்தது. காய்ச்சல் விட்ட சிலருக்குப் பார்வை மங்கியது. எதிரில் நிற்பவரின் தோளும் காதும் தெரியும், முகம் தெரியாது. விழித்திரையின் நடுவே, கூர்ந்து பார்க்க உதவும் மாக்குலாவில், வீக்கமும் வெள்ளைத் திட்டுகளும் ரத்தக் கசிவும் இருந்தன. சில ரத்தக் குழாய்கள் அடைபட்டிருந்தன.

இந்தக் கண் பாதிப்பு காய்ச்சல் தொடங்கி ஒன்று முதல் மூன்று வாரம் கழித்தே தலைகாட்டும். கண்ணைக் காட்ட வந்தவர் பழைய காய்ச்சலைச் சொல்ல மாட்டார். மருத்துவரும் ஆடுமாடு பற்றிக் கேட்க மாட்டார். இருபது ஆண்டு இது கவனத்துக்கு வராமல் போனதில் வியப்பில்லை.

எகிப்தில் 1977-ல் நோய் வெடித்தபோது சுமார் 2 லட்சம் பேருக்குத் தொற்றியிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். ஏறத்தாழ 600 பேர் இறந்தார்கள். கண் பாதிக்கப்படுவோர் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆனால் இத்தனை பெரிய கூட்டத்தில் அதுவே ஆயிரங்களைத் தொடும். மாக்குலாவில் புண் வந்தவர்களில் பாதிப்பேருக்கு நடுப்பார்வை திரும்புவதே இல்லை. 2000-ல் நோய் செங்கடலைத் தாண்டி சவுதியின் ஜசானுக்கும் ஏமனுக்கும் போனது.

நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, வெள்ளம் வந்ததும் பொரிக்கும். எனவே செயற்கைக்கோள் தரும் மழைக் கணிப்பை வைத்தே நோயை முன்கூட்டிச் சொல்லலாம். 2006-ல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அப்படி எச்சரிக்கையும் போனது. ஆட்டுக்குப் போடத் தடுப்பூசியும் இருந்தது. டிசம்பரில் கென்யாவின் கரிஸ்ஸாவில் மனிதர்கள் நோயில் விழுந்தார்கள். அதற்குப் பிறகே ஊசி பட்டிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.