தீண்டலும் கலத்தலும்

ஏலக்காய் பச்சையாக இருந்தால் விலை கூடும். அதற்காகச் சாயம் ஏற்றுவோரும் உண்டு. இதற்கு ஆங்கிலச் சொல் 'அடல்டரேட்'. வேறொன்றாக்குதல் என்பது அதன் லத்தீன் வேர்ப்பொருள். பிறன்மனை விழைதலைக் குறிக்கும் 'அடல்டரி'யும் அந்த வேரில் பிறந்ததே. இரண்டிலும் செய்தவன் ஒருவன் உண்டு. நம் 'கலப்படம்' என்ற சொல்லிலும் அப்படித்தான்.

'கன்டாமினேட்' என்பதன் வேரில் இருப்பது தொடுதல். தமிழில் 'தீட்டு' என்பதும் 'தீண்டு' என்பதன் வழி வந்ததே. எங்கோ லத்தீனிலும் இங்கே தமிழிலும் அசுத்தத்துக்குத் தொடுகையைக் காரணமாக்கியிருக்கிறார்கள்! தேவாரத்துக்கு மேலே, அன்று திருவிதாங்கூரிலிருந்த ஏலமலையில், தொடக்கூட வேண்டியதில்லை. இன்ன சாதி இத்தனை அடி விலகி நிற்கவேண்டும் என்ற கணக்கே 'தீண்டல்' எனப்பட்டது. 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள் இதற்கு இட்ட பெயர் 'பொல்யூஷன்'. இங்கே செய்தவன் என்று யாரும் இல்லை, இருப்பதே குற்றம். மலைக்கு மேலே ஆலயப் பிரவேச அறிக்கை வந்தது 1936 நவம்பர் 12இல். கீழே மதுரையில் வைத்தியநாத ஐயர் ஆலயப் பிரவேசம் நடத்தியது 1939 ஜூலை 8இல்.

1974இன் நீர்ச் சட்டத்தில் அதே 'பொல்யூஷன்' ஆலைக்கழிவைக் குறித்தது. சொல் பிழைத்துக்கொண்டது என்றுதான் சொல்லவேண்டும்.

உணவுச் சட்டங்களின் கதை வேறு. 1954இன் கலப்படத் தடைச் சட்டம், சுகாதாரமற்ற இடத்தில் வைத்ததால் கெட்ட பொருளையும் 'அடல்டரேட்டட்' என்றே அழைத்தது. எதையும் கலக்காத கடைக்காரரும் கலப்படக்காரரானார். 2006இன் சட்டம் இவற்றைப் பிரித்தது: கலப்பது ஒன்று, சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் விளைச்சலிலோ சேமிப்பிலோ வந்து ஒட்டுவது 'கன்டாமினன்ட்'. ஏலத்தோட்டத்தில் அடிக்கும் மருந்தின் எச்சம் இந்த இரண்டாம் வகைக்கு நெருக்கமானது.

2023 ஜனவரியில் சபரிமலை அரவணையின் ஏலக்காயில் அந்த எச்சம் வரம்பு மீறியிருப்பதாகக் கூறி, 6 லட்சத்துக்கும் மேற்பட்ட டின்களின் விற்பனையைக் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தியது. 2024இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. எவ்வளவு மருந்து, எந்த வரம்பு, யார் சோதித்தார்கள் என்றெல்லாம் வழக்கில் வாதம் நடந்தது. அதே சன்னிதானத்தில் 2019 ஜனவரி 2 அன்று இரு பெண்கள் தரிசனம் செய்தபின் நடை சாத்திச் சுத்திகலசம் நடத்தினார்கள். அதற்கு ஆய்வுக்கூட அறிக்கை எதுவும் தேவைப்படவில்லை.