உறைபனியும் இழுவைப்பாதையும்: இங்கிலாந்துக் கால்வாய்களின் குளிர்காலம்

இங்கிலாந்தின் கால்வாய்க் கரைகளில் குளிர்கால நடைக்கு வருவோர் காலடியில் மிதிபடும் பாதை, முதலில் குதிரைகளுக்காகப் போடப்பட்டது. சரக்குப் படகைக் கயிற்றால் கட்டிக் கரையிலிருந்து குதிரை இழுத்துச் செல்வதற்கான வழி அது. ஆகவே இழுவைப்பாதை என்பது கால்வாயின் ஒரு பகுதியாகவே வெட்டப்பட்டது. பெரும்பாலான இடங்களில் கால்வாய்க் கம்பெனிகளுக்கே சொந்தமாகவும் இருந்தது.

இந்தப் போக்குவரத்துக்கு வழிகாட்டியது 1761இல் திறக்கப்பட்ட பிரிட்ஜ்வாட்டர் கால்வாய். வொர்ஸ்லியில் இருந்த தன் சுரங்கங்களின் நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுசெல்லப் பிரிட்ஜ்வாட்டர் பிரபு அதை வெட்டுவித்தார். ஜேம்ஸ் பிரிண்ட்லி அதன் பொறியாளர்களில் ஒருவர். கால்வாய் வந்ததும் மான்செஸ்டரில் நிலக்கரி விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. காரணம் எளிது. பொதி சுமக்கும் குதிரை நூறு கிலோவுக்குச் சற்று அதிகமாகத்தான் தூக்கும். அதே குதிரை, மிதக்கும் படகில் 25 முதல் 30 டன் வரை இழுத்துவிடும். அடுத்த எழுபது ஆண்டுகளில் இங்கிலாந்தின் நடுப்பகுதி முழுவதும் கால்வாய்கள் பின்னிப் படர்ந்தன. அவற்றில் ஓடிய ‘நாரோபோட்’ என்னும் ஒடுங்கிய படகு ஏறக்குறைய 21 மீட்டர் நீளமும் 2.1 மீட்டர் அகலமும் கொண்டது. படகை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் ‘லாக்’ அறைகளின் அகலமே படகின் அகலத்தையும் தீர்மானித்தது.

அந்தக் காலத்து வேலையின் தடயங்களைப் பாதையில் இன்றும் காணலாம். மண் ஒட்டிய ஈரக் கயிறு பாலத்தின் வளைவில் உரசி உரசிக் கல்லை அறுத்தது. அதைத் தடுக்கப் பாலமூலைகளில் வார்ப்பிரும்புத் தகடுகள் பதிக்கப்பட்டன. காலப்போக்கில் அந்தத் தகடுகளிலும் ஆழமான வரிப்பள்ளங்கள் விழுந்தன. பாதை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மாறும் இடங்களில், கயிற்றை அவிழ்க்காமலே குதிரை கடந்து செல்லும்படி சுழன்று இறங்கும் பாலங்கள் கட்டப்பட்டன. மேக்கிள்ஸ்ஃபீல்டு கால்வாயில் இவை அழகிய வளைவுகளோடு நிற்கின்றன. ஸ்ட்ராட்ஃபோர்டு கால்வாயிலோ, கயிறு நுழைந்து போவதற்காகப் பாலத்தின் நடுவே ஓர் இடுக்கு விடப்பட்டது. பழைய சுரங்கவழிகள் பலவற்றில் பாதையே கிடையாது. அங்கே குதிரையை அவிழ்த்துக் குன்றின் மேலாக நடத்திச் சென்றார்கள். படகிலிருந்தவர்கள் மல்லாந்து படுத்து, சுவரைக் கால்களால் உதைத்து உதைத்துப் படகை நகர்த்தினார்கள்.

இத்தொழிலை அடியோடு நிறுத்திவிடக் கூடியது குளிர்காலம். கால்வாய் நீர் ஆற்றைப்போல ஓடுவதில்லை, ஆழமும் குறைவு. அதனால் கடுங்குளிர் வந்ததும் ஆறுகளுக்கு முன்பே கால்வாய்கள் உறைந்துவிடும். மெல்லிய பனிக்கட்டியின் விளிம்புகூட மரப்படகின் உடலை அறுத்துவிடும். உறைந்த பாதையில் குதிரை வழுக்கி விழாதிருக்க, லாடத்தில் கூர்த்தலை ஆணிகளை அடித்தார்கள்.

உறைந்த கால்வாயைத் திறக்கக் கம்பெனிகள் தனிப் படகுகளை வைத்திருந்தன. உருண்ட அடிப்பகுதியும் இரும்புத் தகட்டு உடலும் கொண்ட குட்டைப் படகு அது. நடுவில் நீளவாக்கில் ஒரு கைப்பிடிக் கம்பி இருக்கும். ஆட்கள் அதன் இருபுறமும் வரிசையாக நின்று, கம்பியைப் பற்றிக்கொண்டு படகை இடமும் வலமும் ஆட்டுவார்கள். கரையில் பல குதிரைகள் சேர்ந்து அதை வேகமாக இழுக்கும். பனிக்கட்டி நொறுங்கி, வழி பிறக்கும். ஆனால் குளிர் நீடித்தால், நொறுங்கிய துண்டுகளே மீண்டும் ஒட்டி, முன்னைவிடத் தடித்த படலமாக இறுகிவிடும். அதற்குமேல் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

இந்தக் காத்திருப்பின் சுமை படகுக் குடும்பங்களின் தலையில் விழுந்தது. பொதுவாக அவர்களது கூலி, கொண்டுசேர்த்த சரக்கைப் பொறுத்தே அமைந்தது. படகு நின்றால் வருமானமும் நின்றது. ரயில் போட்டியால் கூலி குறைந்தபின், கரையில் வீடு வைத்துக்கொள்ள முடியாமல் பல குடும்பங்கள் படகின் பின்கோடியிலிருந்த சுமார் மூன்று மீட்டர் நீள அறையிலேயே வாழ்ந்தன. 1895 பிப்ரவரி போன்ற கடுங்குளிரில் அவர்கள் வாரக்கணக்கில் நின்ற இடத்திலேயே சிக்கிக்கிடந்தனர். ரயிலோ ஓடிக்கொண்டிருந்தது. அவசரச் சரக்கு வைத்திருந்த வணிகர்கள் எதை நம்பினார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டீசல் வகை எஞ்சின் பொருத்திய படகுகள் பரவின. எஞ்சின் படகு இன்னொரு படகையும் பின்னால் இழுத்துச் சென்றதால், குதிரைக்கும் பாதைக்கும் வேலை குறைந்தது. பனிக்கட்டியின் தொல்லை மட்டும் குறையவில்லை. 1947ஆம் ஆண்டின் நீண்ட உறைபனியில் நிலக்கரிப் படகுகள் நகர முடியாமல் நின்றன. மறு ஆண்டு பெரும்பாலான கால்வாய்கள் அரசுடைமையாயின.

கடைசி அடி 1962 டிசம்பர் இறுதியில் விழுந்தது. அப்போது தொடங்கிய உறைபனி 1963 மார்ச் வரை விலகவில்லை. கால்வாய்களை நடத்தப் புதிதாக அமைந்த பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் வாரியம் பொறுப்பேற்றது, அந்தக் குளிரின் நடுவே, 1963 ஜனவரி 1 அன்று. பனி விலகுவதற்குள் லாரிகளுக்கு மாறியிருந்த சரக்கில் பெரும்பகுதி திரும்பி வரவில்லை. அவ்வாண்டே வாரியம் தன் நாரோபோட் சரக்குப் போக்குவரத்தின் பெரும்பகுதியைக் கைவிட்டது. லண்டன் அருகே சௌத்ஹாலில் இருந்த ஜாம் தொழிற்சாலைக்கு நிலக்கரி கொண்டுபோன படகுகள் 1970 வரை ஓடின.

கால்வாய்கள் தூர்ந்துபோகாமல் தப்பியதற்கு வேறொரு முயற்சி காரணம். எல்.டி.சி. ரோல்ட் தன் படகுப் பயணத்தை விவரித்து எழுதிய ‘நாரோ போட்’ 1944இல் வெளிவந்தது. அதைப் படித்த ராபர்ட் ஐக்மனும் ரோல்ட்டும் சேர்ந்து 1946இல் உள்நாட்டு நீர்வழிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1968ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம், பல கால்வாய்களை உல்லாசப் படகுகளுக்கு உரியவையாக வகைப்படுத்திக் காத்தது. 2012 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 3,200 கிலோமீட்டர் நீர்வழிகளை ‘கால்வாய், ஆறு அறக்கட்டளை’ என்னும் அமைப்பு பராமரிக்கிறது. இழுவைப்பாதைகள் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் உரியவையாகிவிட்டன. லண்டனின் ரீஜண்ட்ஸ் கால்வாய்ப் பாதைக்கு அடியில் உயர் அழுத்த மின்கம்பிகளும் செல்கின்றன.

சரக்குப் படகுகளுக்கு முட்டுக்கட்டையாக இருந்த குளிர்காலம் இப்போது பராமரிப்புப் பருவம். சுற்றுலாப் படகுகள் குறையும் நவம்பர் முதல் மார்ச் வரை லாக் அறைகளின் நீரை வடித்து, செங்கல் சுவர்களைச் செப்பனிட்டு, ஏறத்தாழ 25 ஆண்டு உழைக்கும் ஓக் மரக் கதவுகளை மாற்றுகிறார்கள். சில இடங்களில் பொதுமக்களும் வெற்று அறைக்குள் இறங்கிப் பார்க்க அனுமதி உண்டு.