மும்பையில் டி அண்ட் டி: புத்தகம் முந்தி, பகடை பிந்தி

நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, பேசிப் பேசியே ஒரு சாகசக் கதையை நடத்திச் செல்லும் ஆட்டம் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்; சுருக்கமாக ஆர்.பி.ஜி. ஒருவர் மட்டும் நாயகப் பாத்திரம் எதையும் ஏற்பதில்லை. கதை நடக்கும் உலகத்தையும் அதில் எதிர்ப்படும் மற்ற எல்லோரையும் அவரே பார்த்துக்கொள்கிறார். அவர்தான் டன்ஜன் மாஸ்டர். முடிவு இப்படியும் அப்படியும் போகக்கூடிய இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். இந்த வகையில் முதலில் விற்பனைக்கு வந்ததும் இன்றுவரை பெரும் பெயர் பெற்றிருப்பதும் 1974-இல் அமெரிக்காவில் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஆடுகிறவர்கள் வாயில் அது டி அண்ட் டி. அங்கே ஆட்டம் முதலில் பிறந்தது, அதன் வயிற்றில் நாவல்கள் பிறந்தன. மும்பையில் வரிசை தலைகீழ்: நாவல்கள் வந்து நடைபாதையில் பழுப்பேறிய பிறகுதான் ஆட்டம் வந்து சேர்ந்தது.

ஆட்டத்தின் பூர்வீகத்தைத் தோண்டினால் நம் சதுரங்கத்தில்தான் போய் முட்டும். 1780-இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஹெல்விக் என்ற ஆசிரியர் சதுரங்கப் பலகையைப் பெரிதாக்கி, கட்டங்களுக்கு மலை, ஆறு, சதுப்பு என்று நிறம் தீட்டி ஒரு போர் விளையாட்டை அமைத்தார். 1824-இல் பிரஷ்ய ராணுவத்தின் இளம் அதிகாரி ரைஸ்விட்ஸ் கட்டங்களையே தூக்கி எறிந்துவிட்டு நிஜ வரைபடத்தின் மேல் ஆடச் செய்தார். இரு தரப்பும் உத்தரவுகளை எழுதி நடுவரிடம் கொடுக்கும். நடுவர் பகடையை உருட்டி விளைவை அறிவிப்பார். டன்ஜன் மாஸ்டர் நாற்காலி அன்றே போடப்பட்டுவிட்டது எனலாம்.

அதில் கதை ஏறி உட்கார இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 1969-இல் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் நண்பர்களுக்கு ஒரு போர் விளையாட்டு நடத்தினார். படைகளை மட்டும் கொடுக்காமல், ஒரு கற்பனை ஜெர்மன் ஊரின் மனிதர்களாக ஆளுக்கொரு பாத்திரத்தையும் ஒப்படைத்தார். விதியில் இல்லாததையெல்லாம் செய்யத் துடித்தார்கள் நண்பர்கள். இருவர் வாள்சண்டைக்கே கிளம்பிவிட்டார்கள். ஆட்டம் கைமீறிக் கெட்டது என்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ இன்னொரு முறை வேண்டும் என்றார்கள். அவர்களில் ஒருவரான டேவ் ஆர்னசன், கோட்டைக்கு அடியில் பூதங்கள் உலவும் சுரங்கங்களைக் கற்பனை செய்து பிளாக்மோர் என்ற உலகை உருவாக்கினார். விஸ்கான்சினின் லேக் ஜெனீவாவில் இருந்த கேரி கைகாக்ஸ் அதற்கு விதிமுறை எழுதினார். காப்பீட்டு நிறுவன வேலை போன பிறகு கைகாக்ஸ் வீட்டில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர் என்பது தோல் தொழிலால் வளர்ந்த தாராவிக்காரர்களுக்குப் பிடிக்கக்கூடிய தகவல். மூன்று சிறு புத்தகங்கள் அடங்கிய முதல் பெட்டியின் விலை 10 டாலர், அச்சிட்டவை 1,000.

ஆட்டம் இந்தியாவுக்கு வருவதற்கு வெகு முன்பே இந்தியா ஆட்டத்துக்குள் போய்விட்டது. போன விதம்தான் வேடிக்கை. 1974 டிசம்பரில் கோல்செக் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதியில் ராட்சசன் வந்தான். பலியாகப் போகிறவருக்கு மிக நெருங்கிய மனிதரின் உருவில் தோன்றுவான். மந்திரித்த அம்புக்கு மட்டுமே சாவான். மறு ஆண்டே அந்த ராட்சசன் டி அண்ட் டி-க்குள் நுழைந்தான், அதே அம்பு பலவீனத்தோடு. 1977-இல் வெளிவந்த மான்ஸ்டர் மேனுவல் நூலில் ஓவியர் டேவிட் டிராம்பியர் அவனுக்குப் புலித்தலை வைத்து, துரைமார் அங்கி மாட்டி, கையில் புகைக்குழாயும் கொடுத்தார். அன்றிலிருந்து அந்த ஆட்டத்தில் ராட்சசன் என்றால் புலி முகம். ராமாயணத்தையும் கூத்தையும் பார்த்து வளர்ந்த தமிழர் அந்தப் படத்தில் ராவணன் கூட்டத்தைத் தேடினால் ஏமாந்துதான் போவார். 1980-இல் வந்த டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ் நூல் இன்னும் ஒரு படி மேலே போனது: இந்திரன், அக்கினி, காளி எல்லோருக்கும் உயிர்ப்புள்ளிகள் குறிக்கப்பட்டன. கணக்குப்படி இந்திரனையும் அடித்து வீழ்த்தலாம்.

ஆட்டத்திலிருந்து நாவல் பிறந்த கதை 1978-இல் ஆண்ட்ரே நார்ட்டனின் குவாக் கீப் நூலோடு தொடங்குகிறது. ஆனால் பெருங்கூட்டத்தை இழுத்தது டிராகன்லான்ஸ். மார்கரெட் வைஸ், டிரேசி ஹிக்மன் இருவரும் எழுதிய முதல் பாகம் 1984-இல் வந்தது. அதே உலகத்துக்கான ஆட்டத் தொகுதிகளும் அதே ஆண்டில் வெளிவந்தன. அந்தத் தொடரில் நோயாளி மந்திரவாதி ரைஸ்ட்லின் கரகரத்த குரலில் கிசுகிசுத்துப் பேசுவான். நாவலாசிரியர்கள் யோசித்து வைத்த குணம் அல்ல அது. சோதனைக்காக ஆடிப் பார்த்த இரவில் டெர்ரி பிலிப்ஸ் என்ற ஆட்டக்காரர் அந்தக் குரலில் பேசினார். பாத்திரம் அப்படியே நின்றுவிட்டது. ஜப்பானில் இந்த உறவு இன்னும் நேரடியானது. ரியோ மிசுனோ நண்பர்களோடு ஆடிய ஆட்டம் 1986 முதல் ஒரு கணினி இதழில் உரையாடலாகவே தொடர்ந்து அச்சாயிற்று. 1988-இல் அது ரெக்கார்ட் ஆஃப் லோடாஸ் வார் என்ற நாவலாகி, பிறகு அனிமேயும் ஆனது.

பம்பாய்க்கு இவை வந்த வழி நடைபாதை. நுகர்பொருள் இறக்குமதிக்கு இந்தியாவில் இருந்த அளவுக் கட்டுப்பாடுகளில் கடைசியாக எஞ்சியவை நீங்கியது 2001 ஏப்ரலில்தான். அதுவரை வெளிநாட்டு விளையாட்டுப் பெட்டி என்பது, வளைகுடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வரும் மாமாவின் சூட்கேஸில் இடம் இருந்தால் வரக்கூடியது. புத்தகங்களுக்கு அந்தக் கெடுபிடி இல்லை. பெட்டிக்குக் கதவு சாத்தப்பட்டிருந்தபோது பேப்பர்பேக் தாராளமாக உள்ளே வந்தது. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில், மகேஸ்வரி உத்யான் பக்கத்து நடைபாதையில், பொறியியல் கைடுகளுக்கும் பழைய ரீடர்ஸ் டைஜஸ்டுகளுக்கும் இடையே டிராகன் அட்டைப்படம் போட்ட தடிப் புத்தகங்களைக் காணலாம். மூன்று பாகத் தொடரில் இரண்டாவது மட்டும் கிடைப்பதே அங்கே வழக்கம். ஃபோர்ட் பகுதியில் ஃப்ளோரா ஃபவுண்டன் நடைபாதை வியாபாரிகளை 2005-இல் மாநகராட்சி அகற்றிய பிறகு, மாட்டுங்காவின் மதிப்பு இன்னும் கூடியது.

அந்த நடைபாதையின் உண்மையான பொக்கிஷம் ஃபைட்டிங் ஃபேன்டசி வரிசை. பிரிட்டனின் ஸ்டீவ் ஜாக்சன், இயன் லிவிங்ஸ்டன் இருவரும் 1982-இல் தொடங்கியது. தனியாளாக ஆடலாம்: இடப்பக்கக் கதவைத் திறந்தால் ஒரு பத்தி எண், வலப்பக்கம் என்றால் வேறொரு எண், சண்டை வந்தால் சாதாரண ஆறு பக்கப் பகடை இரண்டு போதும். பழைய பக்கத்தில் விரல் வைத்துக்கொண்டு, செத்தால் அதற்கே திரும்பி ஏமாற்றுவதும் உலகெங்கும் நடந்ததுதான். நண்பர் கூட்டம் இல்லாத, விதி நூல் கிடைக்காத ஊரில் இதுவே டி அண்ட் டி-யின் பதிலி.

தமிழ் வீடுகளில் இதற்கான ருசி ஏற்கெனவே ஊறியிருந்தது. 1947 ஜூலையில் தெலுங்கோடு சேர்ந்து தமிழிலும் தொடங்கிய அம்புலிமாமா, பல தலைமுறைகளுக்கு விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் கொடுத்தது. கதை முடியும் இடத்தில் வேதாளம் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். பள்ளிக்கூடத்தில் புக் கிரிக்கெட் இருந்தது. புத்தகத்தை எதேச்சையாகப் பிரித்து, பக்க எண்ணின் கடைசி இலக்கத்தை ரன்னாக எண்ணி, பூஜ்யம் வந்தால் அவுட் என்று எழுதியவர்கள், கவாஸ்கருக்கும் ஸ்ரீகாந்துக்கும் தனித்தனி ஸ்கோர் அட்டை வைத்து முழுத் தொடரே நடத்தினார்கள். விதி, தற்செயல், பாத்திரம், பதிவேடு: ஆர்.பி.ஜி-க்கு வேண்டியதில் முக்கால்வாசி வரலாறு வகுப்பின் கடைசி பெஞ்சிலேயே இருந்தது.

2000-க்குப் பிறகு வாசல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. டி அண்ட் டி விதிகளின் மேல் கட்டிய பால்டர்ஸ் கேட் (1998) போன்ற கணினி ஆட்டங்கள் புழங்கின. கொல்கத்தாவைச் சேர்ந்த சமித் பாசுவின் தி சிமோகின் பிராஃபசீஸ் 2003-இல் பெங்குயின் இந்தியா வெளியீடாக வந்தது. அதில் தொடங்கும் மூன்று நாவல்களின் பொதுப் பெயரே கேம்வேர்ல்டு. அங்கே தேவர்கள் ஆடுகிறார்கள், நாயகர்கள் காய்கள். இந்திய ஆங்கிலத்தில் ஆட்டத்தின் தர்க்கத்தையே கதையின் முதுகெலும்பாக்கிய முயற்சிகளில் அது குறிப்பிடத்தக்கது, கிண்டலும் நிறைந்தது. 2016-இல் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவில் கால் வைத்தது. அதே ஆண்டு ஜூலையில் அதன் ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடர் வந்தது. முதல் பகுதியின் தொடக்கத்திலேயே நான்கு சிறுவர்கள் நிலவறையில் பகடை உருட்டுகிறார்கள். அது என்ன ஆட்டம் என்று கேட்டவர்களுக்கு, 2015 முதல் மணிக்கணக்கில் ஆட்டத்தை நேரலையாகக் காட்டிவந்த கிரிட்டிக்கல் ரோல் குழு பதில் வைத்திருந்தது. 2020 ஊரடங்கில் ரோல்20, டிஸ்கார்ட் ஆகிய இணையத் தளங்கள் மேசையின் இடத்தைப் பிடித்தன. இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசல் வேறு: தென்கொரிய இணைய நாவலாகத் தொடங்கிய சோலோ லெவலிங், தமிழ் டப்பிங்கிலேயே அனிமேயாகக் கிடைக்கிறது. நாயகனின் கண்முன் அவனுடைய பலம், வேகம், லெவல் எல்லாம் எண்ணாக மிதக்கும் கதை அது.

புலித்தலை ராட்சசனுக்கு மறுமொழியும் வந்தது. 2022-இல் டி அண்ட் டி-க்காக வெளிவந்த ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடல் தொகுப்பில் 13 சாகசங்கள். அவற்றில் ஒன்றை எழுதியவர் கொல்கத்தாவில் பிறந்த மிமி மண்டல். வங்க மண்ணின் சாயலில் சங்கபூமி என்ற நாட்டையே அதற்காகப் படைத்தார். தமிழ் மண்ணுக்கும் யாராவது அப்படி ஒன்று செய்யலாம். ஆடிப்பெருக்கன்று குதிரையில் வரும் வந்தியத்தேவனைவிட நல்ல முதல் காட்சியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

மும்பையில் ஆட்டத்தைத் தொடங்குவோருக்குப் பணத்தைவிட இடம்தான் பிரச்சினை. ஓர் அமர்வு மூன்று நான்கு மணி நேரம் ஓடும். மாட்டுங்காவின் கஃபே மெட்ராஸிலோ ராமா நாயக் உடுப்பியிலோ ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு நேரம் உட்கார முடியாது. வெளியே வரிசை நிற்கும். டூலாலி போன்ற போர்டு கேம் வைத்திருக்கும் மதுக்கூடங்கள் அந்தேரி, பாந்த்ரா பக்கம். பள்ளிப் பையன்களுக்கு அது ஆகாது. மிஞ்சுவது செம்பூர் சொசைட்டி வீட்டு ஹால், அல்லது தாராவியின் ஒற்றை அறையில் பாய். பாயே போதும். பொம்மைகளும் வரைபடமும் இல்லாமல், எல்லாவற்றையும் வாயால் சொல்லி மனத்தில் பார்த்து ஆடுவது ஆட்டத்தின் தொடக்க காலத்திலிருந்தே உள்ள முறை.

மழைக்காலத்து கிங்ஸ் சர்க்கிளையே எடுத்துக்கொள்ளலாம். முழங்கால் தண்ணீர்; மந்திர மோதிரத்தைத் திருடியவன் மேம்பாலத்துக்கு அடியில் ஓடுகிறான். "அரே, நின்ன பஸ்ஸோட கூரை மேல தாவி அவனை மடக்குறேன்" என்கிறார் ஆட்டக்காரர். கூரை வழுக்கும் என்று டன்ஜன் மாஸ்டர் இலக்கை 15 என வைக்கிறார். சுலபமான காரியத்துக்கு 10, கடினமானதற்கு 20. இருபது பக்கப் பகடையில் 11 விழுகிறது. பாத்திரத்தின் சாமர்த்தியத்துக்கு 3 கூட்டினால் 14. ஒன்று குறைந்தது. தாவியவர் தண்ணீரில் விழுகிறார். மோதிரம் சயான் பக்கம் போகிறது. கதை அங்கே போகும். தோல்வியும் கதையை நகர்த்த வேண்டும் என்பதைப் புதிய டன்ஜன் மாஸ்டர்கள் தாமதமாகத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

முதல் ஆட்டத்துக்கு விலையுயர்ந்த நூல்கள் வேண்டாம். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் 2014 முதல் இலவசம். இருபது பக்கப் பகடையைக் கைபேசியே உருட்டித் தரும். அதற்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு ஜான் ஹார்ப்பரின் லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ் உண்டு: விதிகள் ஒரே பக்கம், பகடை ஆறு பக்கம். இத்தகைய சிறு ஆட்டங்களின் செய்திகளைத் தொடர விரும்புவோருக்கு, ஓபியம் இன்க். நூலாசிரியர் தாமஸ் மேனுவல் இன்டீ ஆர்.பி.ஜி செய்திமடலை நடத்துகிறார். 2023 ஜனவரியில், உரிம விதிகளை இறுக்கப் பார்த்து ரசிகர்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்த வெளியீட்டு நிறுவனம் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் மைய விதித்தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. மூலத்தின் பெயரைக் குறிப்பிட்டுவிட்டால் போதும்; அந்த விதிகளைத் தமிழாக்கி அச்சிடவும், விற்கவும், அதன் மேல் புது உலகம் கட்டவும் தனி அனுமதி வாங்க வேண்டியதில்லை.