பில் கட்டிய ஊர்கள்

1814ஆம் ஆண்டு. அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டம் இரவானால் எரிந்தது. ஒரு பக்கம் நிலப்பிரபுக்கள், மறுபக்கம் குத்தகை கட்டமுடியாத குடியானவர்கள். வைக்கோல் போர்கள் தீக்கிரையாயின, சாட்சி சொன்னவர்கள் அடிபட்டார்கள். டப்ளினில் தலைமைச் செயலாளராக இருந்த ரொபர்ட் பீலுக்கு அப்போது வயது 26. எதற்கெடுத்தாலும் இராணுவத்தை அனுப்பி அலுத்துப்போன அந்த இளைஞர் புதிதாக ஒரு சட்டம் கொண்டுவந்தார். குழப்பம் மிகுந்த பகுதி என்று அறிவிக்கப்படும் இடத்துக்குத் தனிப்படை போகும். அதன் செலவு முழுவதையும் அந்தப் பகுதி மக்களே கட்டவேண்டும். சம்பளச் சுமை தலையில் விழுந்தால் ஊர் தானாக அடங்கும் என்பது அவர் போட்ட கணக்கு. முதற்படை டிப்பரரியின் மிடில்தேர்ட் பகுதிக்குப் போனது. பில்லும் பின்னாலேயே போனது. கணக்கு பிசகியது அங்கேதான்.

ஊர் நீதவான்கள் படையைக் கேட்கவே தயங்கினார்கள். திருடனுக்குப் பயந்ததைவிட வரிக்கு அதிகம் பயந்தார்கள். மூன்றே ஆண்டுகளில், 1817இல், செலவில் ஒரு பங்கை அரசே ஏற்கலாம் என்று சட்டத்தைத் திருத்தவேண்டியதாயிற்று. பொலிஸ் செலவில் ஊருக்கு எவ்வளவு, அரசுக்கு எவ்வளவு என்ற பேரம் இப்படித் தொடங்கியது. அது எங்கே போய் முடியும் என்று பீலுக்கே தெரிந்திருக்காது.

1829இல் அதே பீல் உள்துறை அமைச்சராக இருந்து லண்டன் மாநகரப் பொலிஸைத் தொடக்கினார். அங்கும் வரி கட்டியது திருச்சபைப் பங்குப் பகுதிகளின் மக்கள்தான். கட்டளையிட்டதோ உள்துறை அமைச்சு. சீருடை கொடுத்தார்கள், தடி கொடுத்தார்கள், எண் கொடுத்தார்கள். பயிற்சி என்று சொல்ல அணிவகுப்பைத் தவிர அதிகம் இல்லை. ஒன்றாம் எண்ணைப் பெற்ற கொன்ஸ்டபிள் குடிபோதையில் அகப்பட்டு முதல் நாளே வேலையை இழந்தார். அவரைப் போலப் பலர் வெளியேற்றப்பட்டார்கள். கீழே இருப்பவனைக் கண்காணிக்கச் சார்ஜன்ட் இருந்தார். சார்ஜன்டுக்குக் கண்காணிக்கக் கற்றுக்கொடுத்தது யார்? அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க நூறு ஆண்டுகளுக்கு மேலானது.

இதற்கிடையில் லண்டன் காற்று கொழும்புக்கும் வந்து சேர்ந்தது. 1832இல் ஆளுநர் வில்மட் ஹோர்ட்டனின் காலத்தில், ஒரு குழு கூடியது. புதிய பொலிஸ் படைக்குப் பொதுமக்கள் தனி வரி கட்டவேண்டும் என்று அது பரிந்துரைத்தது. ஓர் அத்தியட்சகர், ஒரு தலைமைக் கொன்ஸ்டபிள், ஐந்து கொன்ஸ்டபிள்கள், பத்து சார்ஜன்டுகள், 150 சேவகர்கள். கொழும்பு நகருக்கு அவ்வளவுதான். காடு வெட்டிக் கோப்பிக் கன்று நடத் தொடங்கியிருந்த மலைநாட்டைப் பற்றி அந்தக் கணக்கில் பேச்சே இல்லை. மலைக்குப் பொலிஸ் ஏறிவர ஒரு கொள்ளைக்காரன் வழிகாட்டவேண்டியிருந்தது.

அவன் கதைக்கு முன், இங்கிலாந்தில் இரண்டு திருப்பங்கள். 1846இல் பீல், இப்போது பிரதமராக, தானிய இறக்குமதி வரியை ஒழித்தார். நட்டப்பட்ட நிலவுடைமையாளர்களைச் சமாதானப்படுத்த அயர்லாந்துப் பொலிஸின் முழுச் செலவையும் அரச கருவூலத்தின்மேல் ஏற்றினார். ஊரை அடக்க வரியை ஆயுதமாக்கியவர், நிலப்பிரபுக்களைத் தணிக்க அதே வரியைத் தள்ளுபடி செய்தார். பத்து ஆண்டு கழித்து, 1856இல், இரண்டாவது திருப்பம் வந்தது. ஆங்கில மாவட்டங்களும் நகரங்களும் தங்கள் பொலிஸைத் தாங்களே நடத்தலாம், சம்பளத்திலும் சீருடையிலும் கால் பங்கை அரசு தரும். ஆனால் லண்டனிலிருந்து வரும் பரிசோதகர் படையைப் பார்த்துத் 'திறமையானது' என்று சான்று கொடுத்தால் மட்டுமே. சில நகரசபைகள் முறுக்கிக்கொண்டு, காசும் வேண்டாம், பரிசோதனையும் வேண்டாம் என்றன. 1874இல் கால் பங்கு அரைப் பங்கானபோது அந்த முறுக்கும் தளரத் தொடங்கியது. காசு கொடுப்பவர் தரத்தைக் கேட்பார் என்ற விதி அங்கே எழுதப்பட்டது. இலங்கையில் அதே ஆண்டுகளில் வேறு ஒரு விதி எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

1864 மார்ச் 21. கொழும்பு–கண்டி வீதியை நடுங்கவைத்த உத்துவன்கந்தை சரதியேலைப் பிடிக்க மாவனல்லைக்குப் போன படையில் கொன்ஸ்டபிள் சபான் சுடப்பட்டு இறந்தார். கடமையில் உயிர்விட்ட முதல் பொலிஸ்காரர் என்று இலங்கைப் பொலிஸ் இன்றும் அவரை அந்த நாளில் நினைவுகூருகிறது. சரதியேலுக்கு மே 7ஆம் திகதி கண்டியில் தூக்கு. அடுத்த ஆண்டில் அரசு மூன்று சட்டங்களை இயற்றியது. 11ஆம் இலக்கச் சட்டம், ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டுப்போகும் தொழிலாளியைக் குற்றவாளியாக்கியது. 16ஆம் இலக்கம் பொலிஸ் சட்டம். 17ஆம் இலக்கம் மாநகரசபைச் சட்டம். பொலிஸும் உள்ளூராட்சியும் அடுத்தடுத்த இலக்கத்தில் பிறந்த அண்ணன் தம்பிகள். பொலிஸ் நிலைநிறுத்தப்படும் ஊரின் வீடு, கட்டிடங்களின் பெறுமதியைக் கணித்து வரி வாங்கவும் வழி செய்யப்பட்டது. பில் கட்ட ஊர் தயார். 'எங்கள் பொலிஸ் அதிகாரிக்கு என்ன தெரியும்?' என்று கேட்கும் உரிமை மட்டும் அந்த வரிப்பணத்தோடு வரவில்லை.

1866 செப்டெம்பர் 3ஆம் திகதி, இந்தியாவின் ரத்னகிரியில் பொலிஸ் தலைவராக இருந்த வில்லியம் ரொபர்ட் காம்பெல் இலங்கைப் பொலிஸின் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டு அவரது பதவி பொலிஸ் மா அதிபர் என்று பெயர் மாறியது. கோப்பி நோயில் விழுந்தது, தேயிலை எழுந்தது, 1885இல் ரயில் தலவாக்கலையைத் தாண்டி நானுஓயாவைத் தொட்டது. தோட்டங்களில் துரைமார், கங்காணி, கடன் சீட்டான துண்டு. தோட்டத்தைவிட்டு ஓடிய தொழிலாளியைத் தேடிவரும் பிடியாணைதான் லயத்துச் சனங்களுக்குச் சட்டத்தின் முகம். துண்டு முறை ஒழிய 1921 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அந்த முகத்துக்கு மேலே இருந்த அதிகாரிகள் எங்கே படித்தார்கள் என்பதில்தான் கதை மறுபடி அயர்லாந்துக்குத் திரும்புகிறது.

1907 முதல், குடியேற்ற நாடுகளுக்குப் போகும் பிரித்தானியப் பொலிஸ் அதிகாரிகள் டப்ளின் பீனிக்ஸ் பூங்காவிலுள்ள அயர்லாந்துப் படையின் தலைமையகத்தில் பயிற்சி பெறவேண்டும் என்று ஏற்பாடானது. நிலப்பிரபுவுக்கும் குத்தகைக்காரனுக்கும் நடுவே நிற்கப் பிறந்த படை அது. அதன் பாடம், துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே நிற்கப் போகிறவர்களுக்கு. பயிற்சி மேலே இருந்த வெள்ளை அதிகாரிக்குக் கிடைத்தது. நிலையத்தில் முறைப்பாட்டை எழுதும் சார்ஜன்டுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 1922இல் அயர்லாந்து சுதந்திர நாடாக, டப்ளின் கதவும் மூடிக்கொண்டது.

அடுத்த முயற்சி லண்டனில். 1934இல் மாநகரப் பொலிஸ் ஆணையாளர் ட்ரெஞ்சார்ட் ஹெண்டனில் ஒரு கல்லூரி திறந்தார். நல்ல பள்ளிகளிலிருந்து இளைஞர்களை நேரே எடுத்து அதிகாரிகளாக்குவது திட்டத்தின் முக்கியப் பகுதி. பீட்டில் கால் தேய்ந்த சார்ஜன்டுகள் பொருமினார்கள். இது வர்க்கப் பாரபட்சம் என்று நாடாளுமன்றத்திலும் குரல் எழுந்தது. 1939இல் போர் வெடித்தது, கல்லூரி மூடப்பட்டது. ஐந்தே ஆண்டு வாழ்ந்த அந்தத் தோல்வியிலிருந்துதான் வெற்றி முளைத்தது.

போர் முடிந்து பழைய பேரக்காரர்கள் மீண்டும் மேசைக்கு வந்தார்கள். ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் மாவட்ட, நகரப் பொலிஸ் நிர்வாகங்கள். தனித்தனியாக எந்த ஊராலும் ஒரு கல்லூரி நடத்தமுடியாது. உடன்பாடு எளிமையானது. பொதுச் செலவில் பாதி அரசுக்கு. மீதிப் பாதியை எல்லா ஊர்களும் தத்தம் படையின் அளவுக்கேற்பப் பகிர்ந்துகொள்ளும். மாணவர்கள் வெளியிலிருந்து வரமாட்டார்கள். வீதியில் வேலை பார்த்து உயர்ந்தவர்களே வருவார்கள். 1948இல் கவென்ட்ரிக்கு அருகே ரைட்டன் என்ற இடத்தில் தேசியப் பொலிஸ் கல்லூரி திறந்தது. 1960இல் பிராம்ஷில் மாளிகைக்கு இடம் மாறியது.

இன்று இயல்பாகத் தோன்றும் 'மேலதிகாரிப் பயிற்சி' பிரித்தானியப் பொலிஸில் நிலைபெற்றது அங்கேதான். பதவி உயருமுன் வகுப்புக்குப் போ, ஆளை நடத்தப் பழகு, பிறகு நிலையத்தைப் பொறுப்பெடு. அதன் வேரில் இருந்தது ஊர்களின் காசு, அந்தக் காசோடு சேர்ந்து வந்த கேள்வி.

ரைட்டன் கதவு திறந்த ஆண்டில்தான் இலங்கையும் சுதந்திரம் பெற்றது, பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளரின் குடியுரிமையைப் பறித்தது. பொலிஸின் செலவு இன்று கொழும்பின் தேசிய வரவுசெலவில் இருக்கிறது. களுத்துறை கட்டுக்குருந்தைப் பொலிஸ் கல்லூரியில் என்ன பாடம் நடக்கவேண்டும் என்பதில் மலையகத்தின் தலவாக்கலை–லிந்துலை நகரசபைக்குப் பங்கும் இல்லை, கேள்வியும் இல்லை. 1987இன் 13ஆவது திருத்தம் மாகாணங்களுக்குப் பொலிஸ் அதிகாரத்தை எழுதிக்கொடுத்தது, எழுத்து செயலாகவில்லை. பொலிஸ் நிலையங்களில் தமிழ் தெரிந்த அலுவலர் எப்போதும் இருக்கவேண்டும் என்று 2011இல் கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு பரிந்துரைத்தது. சொன்ன முறைப்பாடு வேறு மொழியில் எழுதப்பட, புரியாமல் கையெழுத்து வைப்பது மலையகத்தின் நெடுநாள் குறை.

பிராம்ஷில் 2015இல் மூடப்பட்டது. கட்டிடம் போனாலும் அது விட்டுச்சென்ற விதி செல்லுபடியாகும். ஊர் செலவில் ஒரு சிறு பங்கு கொடுத்தாலும், பாடத்தில் ஒரு பங்கைக் கேட்கலாம். லிந்துலைப் பொலிஸ் பொறுப்பதிகாரியின் பயிற்சியில் தமிழும் தோட்ட வாழ்வும் ஒரு பாடமாகவேண்டுமானால், அந்தக் கோரிக்கை ஒரு நகரசபைத் தீர்மானத்திலிருந்து தொடங்குவதே முறை.