துரூயிட்டுகளும் வன்னியின் எழுதாத கல்வியும்

பிரான்ஸ் நாட்டின் யூபிசாஃப்ட் நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட 'அசாசின்ஸ் கிரீட் வல்ஹல்லா' என்ற கணினி விளையாட்டை, புலம்பெயர்ந்த நாடுகளில் வளரும் நம் பிள்ளைகள் பலரும் அறிவர். வைக்கிங்குகள் இங்கிலாந்தில் கால் ஊன்றிய 9ஆம் நூற்றாண்டே அதன் களம். 2021 மே மாதம் அதற்கு ஒரு விரிவாக்கம் வந்தது. கதை அயர்லாந்துக்குப் போகிறது. பிளான் சின்னா என்ற உண்மையான அரசனும் அதில் ஒரு பாத்திரம். அங்கே 'டானுவின் பிள்ளைகள்' என்ற பெயரில் துரூயிட் பூசாரிகளின் இரகசியக் கூட்டம் ஒன்று இயங்குகிறது. முகமூடி அணிந்தவர்கள், மயக்கப் புகைக்குள் மறைந்து நின்று தாக்குபவர்கள். அவர்கள் யார் யாரெனத் துப்புத் துலக்கி, ஒவ்வொருவராகக் கொல்வது விளையாடுபவரின் வேலை.

கனடாவில் வாழும் என் மருமகன் இதை விளையாடிவிட்டுத் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டான். அவனுடைய அம்மம்மாவின் ஊர் அக்கராயன். "மாமா, எங்கட வன்னியிலயும் இப்பிடி ஒளிச்சுக் கும்பிட்ட ஆக்கள் இருந்தவையோ?" என்றான். நல்ல கேள்வி. தொலைபேசியில் சொல்லி முடிக்க இயலாத விடை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் துரூயிட்டுகளைப் பார்ப்போம். இவர்கள் கோல், பிரித்தானியா, அயர்லாந்து ஆகிய நாடுகளில் வாழ்ந்த கெல்ற்றிய மக்களின் சமயத் தலைவர்கள். தம்மைப் பற்றி அவர்கள் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. நாம் அறிந்த செய்திகளில் பெரும்பகுதி யூலியஸ் சீசர் தந்தது. அவரோ கோல் நாட்டை வெல்லப் படையோடு வந்தவர். ஆயினும் அவர் காட்டும் துரூயிட்டுகள் ஒளிந்து வாழ்ந்தவர்கள் அல்லர். ஊர் அறியப் பூசை செய்தார்கள், வழக்குகளைத் தீர்த்தார்கள், போர்ச் சேவையிலிருந்தும் வரியிலிருந்தும் விலக்குப் பெற்றிருந்தார்கள். அவர்களிடம் படிக்கச் சென்ற மாணாக்கர் சிலர் 20 ஆண்டுகள்வரை மனனம் செய்தனர் என்கிறார் சீசர். எழுத்து அறியாதவர்களும் அல்லர். ஏனைய அலுவல்களுக்குக் கிரேக்க எழுத்தைப் பயன்படுத்தினார்கள். கல்வி கண்டவர் கையில் சேரக்கூடாது, ஏட்டை நம்பி நினைவாற்றல் குன்றக்கூடாது என்ற இரு காரணங்களால் எழுதாமல் விட்டிருக்கலாம் என்பது அவர் ஊகம்.

அதே சீசர்தான், கொடிகளால் முடைந்த பேருருவங்களுக்குள் மனிதரை அடைத்து எரித்தார்கள் என்றும் எழுதினார். அது எவ்வளவு தூரம் உண்மை, எவ்வளவு தூரம் போருக்கான நியாயம் என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். பின்னர் றோமப் பேரரசர் திபேரியசும் குளோடியசும் துரூயிட்டுகளை ஒடுக்கினர். குகைகளிலும் ஒதுங்கிய காடுகளிலும் அவர்கள் மறைவாகக் கற்பித்தார்கள் என்று பொம்போனியசு மேலா எழுதியது கி.பி. 1ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அதாவது இந்த ஒடுக்குமுறைக் காலத்தில். கி.பி. 60ஐ ஒட்டி வேல்சுக்கு அருகிலுள்ள மோனாத் தீவில் றோமப் படை இறங்கி, அவர்களுடைய புனிதச் சோலைகளை வெட்டி வீழ்த்தியது.

அயர்லாந்துக்கு றோமப் படை போகவில்லை, கிறித்தவம் போயிற்று. விளையாட்டு காட்டும் 9ஆம் நூற்றாண்டுக்கு முன்னரே அங்கே துரூயிட்டுகளின் செல்வாக்குச் சரிந்துவிட்டது. டானுவின் வழிவந்தோர் எனப்படும் பழைய தேவர்களின் கதைகளை ஏட்டில் எழுதியவர்கள் கிறித்தவ மடங்களின் துறவிகள். 18ஆம் நூற்றாண்டில் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தைத் துரூயிட்டுகளின் கோயிலாக்கினார் வில்லியம் ஸ்டியூக்லி. அந்தக் கற்களோ சீசருக்கு 2,000 ஆண்டுகளுக்கு மேல் மூத்தவை. வென்றவன் எழுதியது பாதி, பின்னால் வந்தவன் கற்பனை செய்தது மீதி. கணினித் திரையின் முகமூடிக் கூட்டம் இந்தக் கலவையின் அண்மைக்கால வாரிசு.

இனி வன்னிக்கு வருவோம். ஏ-9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுத் தேங்காய் உடைத்துவிட்டு மேற்கே திரும்பினால் அக்கராயன். அக்கராயன் என்ற குறுநில மன்னனின் பெயரே ஊருக்கும் குளத்துக்கும் வந்தது என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. இப்பகுதியின் பழைய சமயம் குளக்கட்டிலும் மரத்தடியிலும் வளர்ந்தது. காட்டுக்குள் போகிறவர் பச்சை இலைக்கொத்தொன்றை முறித்துக் கிளையில் தொங்கவிட்டு ஐயனாரையோ பிள்ளையாரையோ நினைத்துக்கொண்டு நடப்பார். புளியம்பொக்கணையில் பங்குனி உத்தரத்தன்று நாகதம்பிரானுக்குப் பொங்கல். வற்றாப்பளையில் வைகாசி விசாகத்தை ஒட்டிக் கண்ணகி அம்மனுக்குப் பொங்கல். பாக்குத்தெண்டல் முடிந்து, சிலாவத்தைக் கரையில் கடல்நீர் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கேற்றி, பின்னரே வற்றாப்பளைக்குக் கொண்டுபோவார்கள். இவற்றில் எதுவும் இரகசியம் அல்ல. ஆயிரக்கணக்கானோர் கண்முன்னே நடப்பவை.

அப்படியானால் ஒளித்துக் கும்பிட்டவர்கள் யார்? யாழ்ப்பாணத்தார். 1619இல் போர்த்துக்கேயரும் 1658இல் ஒல்லாந்தரும் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கோயில்கள் இடிக்கப்பட்டன. சைவ வழிபாடு தடுக்கப்பட்டது. விரதச் சோறு உண்ட வாழையிலையை வெளியே எறியாமல் கூரை இறப்பில் செருகி மறைத்தார்கள் என்று எங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். வெளிச்சத்தில் நடந்த வழிபாட்டை இருட்டுக்குள் தள்ளியது தடைச் சட்டம். மேலா எழுதிய குகைகளும் யாழ்ப்பாணத்துக் கூரை இறப்பும் ஒரே வகையைச் சேர்ந்தவை.

வன்னியில் இரகசியம் என்று ஒன்று இருந்ததாயின், அது கல்வியில் இருந்தது. விஷகடி வைத்தியர், பார்வை பார்ப்பவர், மந்திரித்து நூல் கட்டுபவர் ஆகியோர் தம் மந்திரத்தைப் பலரறியச் சொல்வதில்லை. சொன்னால் பலிக்காது என்பது நம்பிக்கை. மூலிகையின் பெயரும் பறிக்கும் முறையும் தந்தையிடமிருந்து மகனுக்கோ நம்பிக்கைக்குரிய ஒரு சீடனுக்கோ வாய்வழியாகப் போகும். சீசர் ஊகித்த இரண்டு காரணங்களையும் இங்கே காணலாம். இதில் சதி எதுவும் இல்லை. கற்றவன் பொறுப்போடு கையாள வேண்டும் என்ற கவலைதான் உண்டு.

ஆனால் எழுதாத கல்விக்கு ஓர் ஆபத்து உண்டு. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் எல்லாம் போயிற்று. பிறகு எஞ்சுவது வெளியார் எழுதியது மாத்திரமே. வன்னிக்கு அது ஏற்கெனவே நேர்ந்திருக்கிறது. ஒல்லாந்தர் காலத்து வன்னியைப் பற்றி எழுதியவர் அவர்களுடைய அதிகாரி நாகெல். ஆங்கிலேயர் காலத்து வன்னியை 1895இல் விரிவான நூலாக்கியவர் ஆட்சி அதிகாரி ஜே. பி. லூயிஸ். உழைத்து எழுதிய நூல், ஐயமில்லை. ஆயினும் ஆளவந்தவரின் கண்கொண்டு பார்த்தது. பண்டார வன்னியனை எடுத்துக்கொள்ளுங்கள். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி வென்றவன் அவன். கற்சிலைமடுவில் அவன் பெயரைத் தாங்கி நின்ற பழைய கல் அந்த வெற்றியைச் சொல்லவில்லை. 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்த செய்தியையே ஆங்கிலத்தில் சொல்லிற்று. மோனாத் தீவின் கதையை றோமரான தாசித்தசு வாயிலாக நாம் படிப்பதுபோல.

2008ஆம் ஆண்டில் போர் நெருங்கியபோது அக்கராயன் வெறிச்சோடியது. மக்கள் கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு என்று கிழக்கே நகர்ந்து, 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போய் முடிந்தார்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் நிற்பதும் அதே நந்திக்கடல் ஓரத்தில்தான். அந்த வழியில் மாண்ட முதியவர்களோடு எத்தனை மருந்துகள் போயின, எத்தனை பாடல்கள் போயின என்பதற்குக் கணக்கு இல்லை. ஏடுகள் வைத்திருந்தோரும் அவற்றைப் பதுங்கு குழிகளில் விட்டு ஓடினார்கள். உயிர் தப்பியவர்களில் பலர் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். மந்திரத்தைக் கையளிக்கச் சீடன் இல்லை.

ஆகவே, மருமகனுக்கு என் விடை இதுதான். வன்னியில் முகமூடிக் கூட்டம் எதுவும் இருந்ததாக நான் அறிந்ததில்லை. வாயால் சொல்லிக் காதால் கேட்டு வாழ்ந்த மக்கள் இருந்தார்கள். சிலர் இன்னும் இருக்கிறார்கள். மந்திரத்தைச் சொல்ல மனம் இல்லையென்றால் அதை அவர்களிடமே விட்டுவிடு. கேட்கும் உரிமை நமக்கில்லை. குளத்தின் கதையையும் பொங்கலின் முறையையும் மூலிகையின் பெயரையும் சொல்வார்கள். அவற்றைக் கேட்டு, யார் சொன்னது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று குறித்து வை. உன் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யும் வசதி இருக்கிறது. அம்மம்மாவிடமிருந்தே தொடங்கலாம். இந்த வாரமே தொடங்கினால் நல்லது.