டப்பா டிவியும் தட்டை டிவியும்

பேங்க் உத்தியோகத்தில் மூணு வருஷத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் நிச்சயம். ஒவ்வொரு தடவையும் லாரியில் சாமான் ஏற்றும்போது பீரோவைவிட என்னை அதிகம் பயமுறுத்தியது எங்கள் 29 இஞ்ச் டிவிதான். 2010ல் கோவையிலிருந்து போபாலுக்கு வந்தபோது அது உடைந்தே வந்து சேர்ந்தது. (நஷ்ட ஈடா? அது தனிக் கதை.) வேறு வழியில்லாமல் 32 இஞ்ச் எல்.சி.டி. வாங்கினோம். நான் ஒருத்தனே தூக்கி வைத்துவிட்டேன்!

அந்த தீபாவளிக்கு வந்த அப்பா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கோவில்பட்டியில் இருபத்தைந்து வருஷம் டிவி மெக்கானிக். சாலிடேர், டயனோரா என்று எத்தனையோ டப்பாக்களைக் கழற்றி மாட்டியவர். "இதுக்குள்ள என்னடா இருக்கு?" என்றார். "லிக்விட் கிரிஸ்டல்ப்பா." "அப்படின்னா?" பி.காம். படித்தவனின் சரக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது. பிறகு தேடித் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை ஆரம்பிப்பது காரட்டில்! 1888ல் பிராக் நகரில் ரைனிட்சர் என்ற தாவரவியல்காரர் காரட்டிலிருந்து எடுத்த கொலஸ்ட்ராலை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதிலிருந்து செய்த ஒரு பொருள் 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலாக நின்றது, 178.5 டிகிரியில்தான் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலை. ஓட்டோ லேமன் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் அதை ஆராய்ந்து, இது திரவம் மாதிரி ஓடும், ஆனால் படிகம் மாதிரி ஒழுங்கும் உண்டு என்றார். அதற்கப்புறம் எழுபது வருஷம் பெரிதாக யாருக்கும் பயன்படவில்லை.

1960களில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனியில் ஜார்ஜ் ஹைல்மையர் குழு இதை வைத்துத் திரை செய்தது. 1968 மே மாதம் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். சுவரில் மாட்டும் டிவி வரப்போகிறது என்று ஒரே பேச்சு. வந்ததா? இல்லை. ஆர்.சி.ஏ.வுக்குச் சோறு போட்டதே கலர் பிக்சர் ட்யூப்தான். நம்ம பாஷையில், வட்டி தவறாமல் வந்துகொண்டிருந்த பழைய லோன். அதைக் கெடுக்கிற புதுத் தொழிலுக்கு யார் மனதார சாங்ஷன் கொடுப்பார்கள்? (முழுசாகத் திட்டவும் முடியாது. அன்றைய திரைக்கு ஆயுள் குறைவு.) 1976ல் அந்தப் பிரிவையே விற்றுவிட்டார்கள்.

அங்கே வேலை பார்த்த ஹெல்ஃப்ரிச், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஒரு மருந்துக் கம்பெனிக்குப் போனார். அங்கே ஷாட் என்பவரோடு சேர்ந்து 1970 டிசம்பரில் காப்புரிமை கேட்ட முறைதான் திருப்புமுனை. ஜன்னலில் இரண்டு கம்பி வரிசை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நெடுக்கு, இன்னொன்று குறுக்கு. முதலாவதில் நுழைந்த வெளிச்சம் இரண்டாவதில் நுழையாது. நடுவில் மாடிப்படி மாதிரி முறுக்கி நிற்கும் திரவப் படிகத்தை வைத்தால், அது வெளிச்சத்தைத் திருப்பிக் கொண்டுபோய் விடும். மின்சாரம் கொடுத்தால் முறுக்கு விலகும், வெளிச்சம் நின்றுவிடும். இன்றைய டிவிகளில் படிகம் நிற்கும் விதம் வேறு, தத்துவம் இதேதான்.

1973ல் ஜப்பானின் ஷார்ப் கம்பெனி எல்.சி.டி. வைத்த கால்குலேட்டரை விற்றது. டிவிக்கு ஒவ்வொரு புள்ளிக்கும் தனி ஸ்விட்ச் தேவை. அதற்கான டிரான்சிஸ்டர் முறையை வெஸ்டிங்ஹவுஸில் பீட்டர் பிராடி செய்து காட்டினார். அந்தக் கம்பெனியும் பின்னால் கைவிட்டது! 1988ல், ரைனிட்சருக்குச் சரியாக நூறு வருஷம் கழித்து, ஷார்ப் 14 இஞ்ச் கலர் திரையைக் காட்டியது. இன்றைய சாதாரண ஃபுல் எச்.டி. டிவியில் சுமார் 62 லட்சம் ஸ்விட்சுகள்.

நம்ம நாட்டுக்கும் பங்குண்டு. சர் சி.வி. ராமனின் மருமகன் முறையான எஸ். சந்திரசேகர் (நோபல் வாங்கியவர் வேறு) 1977ல் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில், தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று கண்டுபிடித்தார். பக்கவாட்டில் பார்த்தால் படம் வெளிறிப்போவதைக் குறைக்கும் ஃபிலிம்களில் பிற்பாடு அந்த வகை பயன்பட்டது.

இன்னொன்று. கடையில் எல்.இ.டி. டிவி என்று விற்பதில் பெரும்பாலானவை எல்.சி.டி.தான். பின்னால் ட்யூப்லைட்டுக்குப் பதில் எல்.இ.டி. விளக்கு, அவ்வளவே. கரண்ட் குறையும், இன்னும் மெலிதாகும்.

அப்பா 2012ல் கடையை மூடினார். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது போலராய்டு கூலிங் கிளாஸை டிவிக்கு முன்னால் பிடித்துத் திருப்பிக் காட்டினேன். ஒரு கோணத்தில் படம் அப்படியே இருண்டது. ஜன்னல் கம்பிக் கதையையும் சொன்னேன். கிளாஸை வாங்கி அவரே நாலைந்து தடவை திருப்பிப் பார்த்தார்.

"ட்யூப்ல வேணுங்கிற இடத்துல வெளிச்சத்தை உண்டாக்கினோம். இவங்க எல்லா இடத்துலயும் லைட்டைப் போட்டுட்டு வேண்டாத இடத்துல அடைக்கிறாங்க. அதான் ராத்திரி சீன்ல கருப்பு சாம்பலாத் தெரியுது" என்றார்.

நான் பல மாதம் படித்தது. அவருக்கு ரெண்டு நிமிஷம்.